இரண்டு கட்டை இறக்கி

மே 4, திங்கள்

எட்டு மணிக்கே மொட்டைமாடித் தரை சுடுகிறது. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க லாரிப் புகைக் கரி. திரும்ப அலசினேன். கீழேயிருந்து ஆ.: "இன்னாடி ஸ்டெல்லா, ஒரே சட்டைய எத்தினி வாட்டி தோய்ப்ப?" ஒரே சட்டை என்று கவனித்தவருக்கு, வாளியைத் தூக்க ஆள் இல்லை என்பது மட்டும் கண்ணில் படாது.

ஆ. என்றால் என் வீட்டுக்காரர். புது நோட்டாயிற்றே என்று முழுப்பெயரை எழுதிப் பார்த்தேன். கை கூசியது, அடித்துவிட்டேன். பெரம்பூர் ரயில்வே ஆபீசில் எத்தனை ஆம்பிளைகள் பெயரை எழுதித் தள்ளியிருக்கிறேன். இந்த ஒரு பெயருக்கு மட்டும் மரியாதை. பழக்க தோஷம்.

இன்று:
ரேஷனில் பாமாயில் வந்ததா.
ஆ.வுக்கு பி.பி. மாத்திரை.
ப்ரிசிக்கு போன்.
உகுலேலேயில் மூன்றாம் நரம்பு இரைகிறது. பார்க்கணும்.

பாமாயில் வரவில்லை. வரிசையில் ஒருத்தி: "வந்தா மட்டும் இன்னா? ஒரு பாக்கெட் குடுப்பான். அதுல பஜ்ஜி சுட்றதா, தலைக்கு தேய்க்கிறதா?" எல்லோரும் சிரித்தோம். ரேஷன் கடையில்தான் இப்போதெல்லாம் சிரிக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு வழக்கம் போல வராந்தா. மூன்று பாட்டு: நிலா, படகு, அழுகைப் பாட்டு. இதெல்லாம் வீட்டில் நாங்கள் வைத்த பெயர்கள். எல்லாம் ஐம்பதுகளில் வந்தவை, நான் பிறப்பதற்கு முன்னால். ஆ. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்யாணக் கச்சேரிகளில் இவற்றைத்தான் பாடுவாராம். அதைக் கேட்டுத்தான் என் அப்பா பெண் கொடுத்தார். குரலுக்குக் கொடுத்தார், குணத்தை விசாரிக்கவில்லை.

உகுலேலே எங்கள் மகள் ப்ரிசியுடையது. காலேஜில் ஆசையாக வாங்கி, ஒரே மாதத்தில் பீரோ மேலே போட்டாள். ரிட்டையர் ஆனதும் தூசி தட்டி எடுத்து, போனில் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். குட்டி கிதார் மாதிரி, நாலே நரம்பு. ஆ. அதற்கு வைத்த பெயர் சொப்பு. ஆறு மணி அடித்தால் "சொப்ப எட்றி" என்பார்.

படகு டூயட். ஆண் வரி, பெண் வரி இரண்டையும் அவரே பாடுவார். பெண் வரிக்குக் குரலைக் குழைத்துக்கொள்வார். பக்கத்திலேயே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

மே 5, செவ்வாய்

காற்றே இல்லை. காலையில் தாமஸ் வந்தார், கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர். போன மாதம் ப்ரிசி நாங்கள் வாசித்ததை போனில் எடுத்துப் கோயில் பங்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாளே, அந்த வீடியோ வேலை செய்திருக்கிறது.

"அண்ணே, அத பாத்து கோயிலே மெர்சலாயிடுச்சு. ஞாயித்துக்கெயம தேர் முடிஞ்சதும் ஆர்கெஸ்ட்ரா. மொத அரமணி நேரம் பழைய பாட்டு. நீதான் பாட்ற."

"கெயவன போயி கூப்டுறியேடா" என்றார் ஆ. வேண்டாம் என்று சொல்லவில்லை. காது சிவந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். காபியை வைத்துவிட்டுக் கேட்டேன், எந்தெந்தப் பாட்டு, நானும் பழகிக்கொள்ளணுமே.

தாமஸ் ஆ.வைப் பார்த்தார். ஆ. காபியைப் பார்த்தார்.

"அண்ணி, தப்பா நென்ச்சிக்காதீங்க. கீபோர்டுலயே எல்லாம் வந்துடும். லேடி வாய்ஸுக்கும் அவங்ககிட்ட ஒரு பொண்ணு கீது. நீங்க மொத வரிசைல ஷோக்கா குந்திகினு கேளுங்க."

தாமஸ் படி இறங்கிய பிறகு கேட்டேன்: எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"இன்னா சொல்லணும்ன்ற? அம்மாம் பெரிய ஸ்டேஜ்ல இந்த சொப்ப வெச்சிகினு நீ குந்தினா நல்லாவா கீது? பசங்க சிரிப்பானுங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தேன். அவர் முழுசாக இருக்கிறார். எனக்குக் கை மட்டும் இருக்கிறது. எடுத்தது பெற்ற மகள்.

மீன் குழம்பில் உப்பு தூக்கல். வேண்டுமென்று போடவில்லை. போட்டிருந்தாலும் தப்பில்லை.

மே 6, புதன்

இதை எங்காவது சொல்லித் தொலைக்கணும். இங்கே எழுதுகிறேன்.

ஆ.வின் பெருமை நாலு கட்டை. சுருதிக்குக் கணக்கு கட்டை. எண் ஏற ஏறத் தொண்டை மேலே போகணும். இளம் வயதில் நாலு கட்டையில் நின்று பாடியவர். இன்றும் யார் வந்தாலும் தொண்டையைத் தட்டிக் காட்டுவார்: "எறங்கல. ஒரிஜினல் சுருதி. நாலு கட்ட."

அவர் பாடுவது இரண்டு கட்டையில்.

இறக்கியது நான். நாலு வருஷம் முன்னால் அவருக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்து போனது. எழுந்து உட்கார்ந்து முதல் நாள் நிலா பாடினார். சரணத்தின் மேல் வரியில் குரல் கிழிந்தது. இன்னொரு தடவை பாடினார், மறுபடி கிழிந்தது. துண்டை விசிறிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. ஆபீசில் ரிட்டையர் ஆனவர்களில் பலர் வீட்டில் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் செத்துப் போனார்கள், எனக்குப் பயம். அவர் குளிக்கப் போனபோது நாலு நரம்பையும் அரைக் கட்டை இறக்கினேன். விரல் வைக்கிற இடம் அதே இடம். அவர் என் விரலைத்தான் பார்ப்பார். "அதேதான புட்சிகினு கீற?" என்றார். அதேதான் என்றேன். பாடினார். மேல் வரி வந்தது. எழுந்து காசிமேடு போய் இறால் வாங்கி வந்தார்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு அரை. நரம்பு தொய்ந்து இரைந்தது, தடித்த நரம்பு வாங்கிப் போட்டேன். பக்கத்தில் வேறு வாத்தியம் இல்லை, ஒத்துப் பார்க்க வழியில்லை. ரெக்கார்டோடு சேர்ந்து பாடவும் மாட்டார், அது கத்துக்குட்டி வேலையாம். நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கீபோர்டுக்காரனிடம் நாலு என்று சொல்வார். அவன் நாலே வைப்பான்.

காலையில் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, புது எடம், புது மைக். ஒரு ரெண்டு கட்டைல பாடினா சொகமா இருக்குமே."

"ரெண்டா? ரெண்டு கட்டைல முணுமுணுன்னு பாட்றதுக்கு ஒரு ஸ்டேஜா?"

"இல்லைங்க, வயசு..."

"வவுத்தெரிச்சல்டி உனுக்கு. உன்னிய கூப்புடலன்னு."

தோசையைத் திருப்பிப் போட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மே 7, வியாழன்

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்குப் போனோம். ஆ.வுக்கு வெளிர்நீலச் சட்டை. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற மனிதர்.

ஆறு மணிக்கு நானே சொப்பை எடுத்து மடியில் வைத்தேன். "வாணாம். தொண்டைய சேத்து வெக்கணும்" என்றார். உள்ளே போய் டி.வி. போட்டுக்கொண்டார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன.

மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு, பால். இரண்டு வேளை. தட்டுவது யார், காய்ச்சுவது யார் என்று கேட்க வேண்டாம்.

தாமஸ் போன் பண்ணி ஒத்திகைக்குக் கூப்பிட்டார். ஆ.: "எனுக்கு இன்னாத்துக்குடா ரிகர்சல்? பாட்டு பேரும் கட்டையும் சொன்னா போதும்."

ப்ரிசியும் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா குஷியா இருக்காரா?" இருக்கிறார். "நீ?" நான் இருக்கிறேன். "உன்னையும் கூப்பிட்டிருக்கலாம். ஆனா அந்த சின்ன சவுண்டு அவ்ளோ பெரிய கூட்டத்துல கேக்காதும்மா." இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.

மே 8, வெள்ளி

ஆ. முடி வெட்டப் போயிருந்தார், போனை வைத்துவிட்டு. பத்தரைக்கு அடித்தது. ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிற ரவியாம். மரியாதையான பையன். "ஆன்ட்டி, அங்கிள் எந்த சுருதியில பாடுவாரு? முன்னாடியே தெரிஞ்சா செட் பண்ணி வெச்சிருவேன்."

நாலு, என்றேன்.

அப்படித்தான் வந்தது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல மாட்டேன். "ஒரிஜினலா! சூப்பர் ஆன்ட்டி" என்று வைத்துவிட்டார்.

அரிசி களைந்தேன். மறுபடி களைந்தேன். கண்ணில் அந்த மேடை. வெளிர்நீலச் சட்டை, மைக், மேல் வரி, கிழிகிற சத்தம், முதல் வரிசையில் நான். நன்றாக இருந்தது அந்தக் காட்சி. மனசார நன்றாக இருந்தது. பசங்க சிரிக்கட்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியட்டும். அப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. அந்த முதுகுக்கு மறுபடியும் நான்தான் சோறு எடுத்துக்கொண்டு போகணும்.

நானே கூப்பிட்டேன். "தம்பி, தப்பா சொல்லிட்டேன். ரெண்டு. ரெண்டு கட்டை வெச்சுடுங்க. அவர்கிட்ட சொல்ல வேணாம்."

"சரி ஆன்ட்டி" என்றார். கடைசிப் பாதி அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆ. வந்தார். தலையில் பாதி வழுக்கை, மீதியில் சாயம்.

மே 9, சனி

மாத்திரை வாங்கியாயிற்று. நீலச் சட்டைக்கு இஸ்திரி. காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது, தைத்தேன்.

கோயிலில் நவநாள் ஜெபம். அவர் நன்றாகப் பாடணும் என்று வேண்டுவதா, உடையணும் என்று வேண்டுவதா என்று முழங்காலில் நின்றே குழம்பினேன். இரண்டையும் வேண்டவில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 11, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி.

தேர் வந்து நின்றது. மேடையில் கலர் விளக்கு. தாமஸ் சொன்ன முதல் வரிசையில் ஃபாதரின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கு மூன்றாவது வரிசை. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆட்டம். மேடையில் அந்தப் பெண். இருபத்தைந்து இருக்கும். ஜிகினாப் புடவை, நல்ல குரல். குறை சொல்லப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதலில் நிலா. ஆ. கட்டையைச் சொல்வதற்கு முன்பே ரவி இரண்டு கட்டையில் ஆரம்பித்துவிட்டார். ஆ.வுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை, தினமும் பாடுகிற இடம்தானே. அப்படிப் பாடினார். மேல் வரியில் கையை வீசி நிறுத்தினார். விசில். கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் விரல்கள் தானாக மடியில் நரம்பு பிடித்தன. இத்துடன் இறங்கியிருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மைக்கைப் பிடித்துக்கொண்டார். "பாத்துக்கினீங்களா? அறுவத்தெட்டு வயசு. தொண்டையப் பாரு, இன்னும் நாலு கட்ட!"

ரவி விவரம் தெரியாத நல்ல பையன். அவர் முன்னாலும் மைக் இருந்தது. "அங்கிள், இது ரெண்டு கட்டை. ஆன்ட்டிதான் போன் பண்ணி ரெண்டு வெக்கச் சொன்னாங்க."

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டுச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒருத்தன்: "நைனா, வூட்ல சுவிட்சு யாரு கைல கீதுன்னு தெர்ஞ்சி போச்சி!"

ஆ.வும் சிரித்தார். "அவளுக்கு இன்னாப்பா தெரியும் சுருதியப் பத்தி? சொப்பு வெச்சி வெளையாட்றவ. நீ நாலு போடு."

பங்கு முழுக்கக் கேட்டது.

ரவி நாலு போட்டார். படகு. பல்லவி எப்படியோ தப்பித்தது. சரணத்தில் முதல் வரியிலேயே கிழிந்தது. நிறுத்தவில்லை, இன்னும் கத்தினார். நரம்பு புடைத்தது. அடுத்த வரி வெறும் காற்று. அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம், அவர் வரியையும் சேர்த்து அவளே பாடிக் கொண்டுபோனாள். ஆண் வரி, பெண் வரி இரண்டும் ஒரே வாயில். ஆ. மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அழுகைப் பாட்டுக்கு ரவி ஒன்றும் பேசாமல் மறுபடி இரண்டில் வைத்தார். ஆ. கண்ணை மூடிக் கேட்டார். தலை ஆடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. அந்தச் சுருதி அவருக்குத் தெரியும். தினம் மாலை ஆறு மணிக்கு வராந்தாவில் கேட்ட சுருதி. கண்ணைத் திறந்து முதல் வரிசையில் தேடினார், அப்புறம் இரண்டாவதில், அப்புறம் என்னைப் பார்த்தார்.

பாடி முடித்தார். நன்றாகவே பாடினார். யாரும் அவ்வளவாகத் தட்டவில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். நீலச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். இன்று காலை துவைத்துப் போட்டேன்.

மே 12, செவ்வாய்

காலையில் காபி டம்ளரைக் கூடத் தொடாமல் நின்றார்.

"எப்ப எறக்கின?"

"நீங்க துண்ட விசிறிப் போட்டீங்களே. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"அப்பத்லேர்ந்து இப்ப வரைக்கும்?"

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டனா?"

கேட்கவில்லை. நிஜம்தான். இந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை. காபியைக் கேட்டதில்லை, மாத்திரையைக் கேட்டதில்லை. வரும்.

அப்புறம் சொன்னார், மெதுவாக, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபம். "ஊரு சிரிச்சிது, அது போவட்டும். பேஜாரு, நாலு நாள்ல மறந்துடுவானுங்க. தெனம் பக்கத்துல குந்திகினு, நீ ஒருத்தி உள்ளார சிரிச்சிகினு இருந்தியே. அத எப்டிடி மறக்கிறது?"

"நான் சிரிக்கலை" என்றேன்.

பொய். ஒரே ஒரு நாள் சிரித்தேன். ப்ரிசியின் மாமனாரிடம் தொண்டையைத் தட்டி நாலு கட்டை என்று காட்டிய அன்று, அடுப்படியில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. மற்ற நாளெல்லாம் பயம்தான். பயந்த கணக்கை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

மைக்கில் நீங்கள் சொன்னதை நான் எப்படி மறக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

கத்திரிக்காய் சொத்தை. பாதிக்கு மேல் எறிந்தேன்.

மே 13, புதன்

பேச்சில்லை. மேசையில் தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். அந்த மட்டும் முதுகைக் காட்டவில்லை.

பாமாயில் வந்திருக்கிறது.

கடையில் ஒருத்தி, யாரென்று தெரியாது: "அக்கா, நீங்க தான அந்த பாட்டுக்காரரு சம்சாரம்? ரெண்டு கட்டைன்னு கரீட்டா சொன்னது நீங்கதானாமே. உங்களுக்கும் பாட்டு தெரியுமா?" தெரியாது என்றேன். வீடு வரும்வரை அதே நினைப்பு. யாரும் இதுவரை கேட்டதில்லை, அதனால் பதில் தயாராக இல்லை.

மே 14, வியாழன்

மாலை லேசாகக் கடல் காற்று. வெயில் ஆரம்பித்ததிலிருந்து இன்றுதான்.

ஆறு மணி ஆயிற்று. "சொப்ப எட்றி" வரவில்லை. அவர் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், விளக்கு போடாமல்.

பழைய நரம்புகளை எறியாமல் பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். தடித்தவற்றை அவிழ்த்தேன். மெல்லியதை ஒவ்வொன்றாகக் கட்டித் திருகினேன். நரம்பு மேலே ஏற ஏற முனகியது, அறைக்குள் கேட்டிருக்கும். நாலும் ஏறி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதே விரல், அதே இடம். மீட்டினேன். நாலு கட்டை. இந்தச் சின்னப் பெட்டியின் நிஜச் சத்தம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பது எனக்கே மறந்து போயிருந்தது.

படகு. பெண் வரியை மட்டும் பாடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் வரி நடுங்கியது. அவர் இரண்டில் பாடும்போது கூடவே முனகிப் பார்த்திருக்கிறேன், தொண்டைக்கு அடியில் போய்ச் சிக்கும். எனக்குக் குரலே இல்லை என்று இருந்தேன். நாலில் அது சிக்கவில்லை. ஆண் வரியையும் நானே எடுத்துக்கொண்டேன். சரணத்தின் மேல் வரி வந்தது. உடையவில்லை. அழுகை வந்தது, ஆனால் பாட்டு நிற்கவில்லை.

ஆ. கதவோரம் வந்து நின்றார். பனியன், கலைந்த சாயத்தலை. என் விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"ஸ்டெல்லா. கொஞ்சம் எறக்கிப் பாடேன். கேக்க முடியல."

இறக்கவில்லை. இரண்டாவது சரணம் பாடினேன்.